வாசல் மணி



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில், பழுதான வீட்டு வாசல் மணியை நானே திருத்திய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். காவியமும் கவிதையும் பேச வேண்டிய இடத்தில் கம்பியும் சுவிச்சும் எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆனால் வாசல் மணிக்கும் நமது இலக்கியத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அதற்குப் பின்னர் வருகிறேன். முதலில் என் வீட்டு மணி.

கண்டியைத் தெரிந்தவர்களுக்கு இங்குள்ள வீடுகளின் இருப்பும் தெரிந்திருக்கும். வாவியையும் தலதா மாளிகையையும் சுற்றியுள்ள கொஞ்சச் சமநிலத்தை விட்டால் மற்றதெல்லாம் சரிவுதான். ஒரு பக்கம் ஹந்தானை, மறுபக்கம் உடவத்தகலைக் காடு. வீதி ஒரு மட்டத்தில் போகும். வீடுகள் அதற்கு மேலேயோ கீழேயோ தொற்றிக்கொண்டிருக்கும். என் வீடு காட்டை அண்டிய சரிவு ஒன்றில் இருக்கிறது. ஒழுங்கையோரத்தில் கேற். அங்கிருந்து 32 படிகள் ஏறினால்தான் வீட்டு வாசல். இரவில் கேற்றைப் பூட்டிவிடுவோம். கீழே நின்று ஒருவர் கூப்பிட்டால், மழையில்லாத இரவாக இருந்தால் ஒருவேளை கேட்கும். மழை பெய்தால் கூரைத் தகரத்தின் இரைச்சலில் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆகவே கேற்றடியில் ஒரு பொத்தானும் வீட்டுக்குள் ஒரு மணியும் எங்களைப் போன்றவர்களுக்கு அலங்காரமல்ல, தேவை. என் தகப்பனார் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தன் கையால் பூட்டிய மணி அது. பொத்தானை அழுத்தினால் 'டிங்' என்னும்; விட்டால் 'டொங்' என்னும்.

அந்த மணி எப்போது பழுதானது என்று திட்டமாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அதன் மௌனம் எங்களுக்கு எப்போது பழகியது என்று சொல்ல முடியும். 2022 ஆம் ஆண்டை நாம் எவரும் மறக்க மாட்டோம். கையிலே காசிருந்தும் பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை என்று வரிசையில் நின்ற ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது. மின்சாரம் இல்லாத வேளையில் மணி எப்படி அடிக்கும்? வருகிறவர்கள் கேற்றடியில் நின்று கைத்தொலைபேசியில் அழைக்கப் பழகிக்கொண்டார்கள். "அங்கிள், கீழே நிற்கிறேன்" என்ற குரலே எங்கள் மணியாயிற்று. பின்னர் மின்சாரம் வந்தது, பழக்கம் போகவில்லை. மணியை ஒருவரும் அழுத்தவில்லை. அழுத்தாததால் அது அடிக்காதது எங்களுக்குத் தெரியவில்லை.

கடந்த ஐப்பசியில் அது தெரிய வந்தது.

கண்டியில் ஐப்பசி மழை எப்படிப்பட்டது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பின்னேரம் இருண்டு வரும்; இடி முழங்கும்; சில நாட்களில் இரவெல்லாம் கொட்டும். அப்படி ஓர் இரவுக்குப் பிறகு, எங்கள் ஒழுங்கையின் கீழ்ப்புறத்து வீட்டு ஆச்சியை மூச்சுத்திணறலுடன் தேசிய வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறார்கள் என்று காலையில் கேள்விப்பட்டோம். அவர்கள் சிங்களக் குடும்பத்தினர். ஆச்சிக்கு வயது 80 ஐத் தாண்டிவிட்டது. நானும் மனைவியும் வைத்தியசாலைக்குப் போய்ப் பார்த்தோம். வீடு திரும்பிய பின்னரும் பழங்களோடு போனோம். ஆச்சி வழமைபோலத் தேநீர் தரச் சொன்னார். ஆனால் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. பேச்சு நலம் விசாரிப்பதோடு நின்றது. ஆச்சியின் பேரன், உயர்தரம் படிக்கும் பையன், என் முகத்தைப் பாராமல் உள்ளே போய்விட்டான். எப்போதும் எங்கள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து கணக்குச் சந்தேகம் கேட்கிறவன் அவன். நோயாளி இருக்கும் வீடு, களைப்பாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மூன்று வாரங்கள் இப்படியே சென்றன. பிறகு ஒரு நாள் ஒழுங்கையில் அவனை எதிரே கண்டபோது நானே மறித்து, "என்ன மகனே, கோபமா?" என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பின்னர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அன்றிரவு உங்கள் வீட்டு பெல்லை மூன்று தடவை அழுத்தினேன், அங்கிள். உங்கள் வானில் ஆச்சியைக் கொண்டு போகலாம் என்றுதான் ஓடி வந்தேன். மேலே வெளிச்சம் தெரிந்தது. ஒருவரும் இறங்கி வரவில்லை."

வெளிச்சம் தெரிந்தது உண்மைதான். அந்த விளக்கை நாங்கள் இரவில் அணைப்பதில்லை. அது பையனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மழையில் நனைந்துகொண்டு அழுத்தியதும், வெளிச்சம் இருந்தும் கதவு திறக்காததும்தான். கடைசியில் ஆச்சியைக் கதிரையில் வைத்து இரண்டு பேர் பிரதான வீதிவரை தூக்கிச் சென்று, அங்கே ஒரு முச்சக்கர வண்டியை மறித்து ஏற்றியிருக்கிறார்கள்.

அவனை நிற்கச் சொல்லிவிட்டு என் கேற்றடிக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. மீண்டும் அழுத்தினேன். இல்லை. என் வீட்டு மணியை நான் வெளியே நின்று அழுத்தியது எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரன் எவன் தன் வீட்டு மணியை அழுத்துகிறான்? அவனிடம் திறப்பு இருக்கிறது.

நேயர்களே, அந்த ஆச்சி எங்களுக்கு யார் என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலை 26 ஆம் திகதி கலவரம் கண்டி நகருக்குள்ளும் வந்தது. கடைகள் எரிந்த புகையை எங்கள் சரிவில் நின்று பார்த்தோம். எனக்கு அப்போது 13 வயது. இருட்டியதும் தகப்பனார் எங்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, ஆச்சியின் வீட்டுப் பின்கதவைத் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார், உரக்கத் தட்டப் பயம். அந்த மெல்லிய தட்டல் உள்ளே கேட்டது. கதவு திறந்தது. மூன்று இரவுகள் அந்த வீட்டுச் சாமான் அறையில் நாங்கள் படுத்திருந்தோம். அந்த வீட்டிலிருந்து ஒருவன் மழையில் ஓடி வந்து என் மணியை மூன்று தடவை அழுத்தியிருக்கிறான். நான் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றே திருத்திவிட வேண்டும் என்று நின்றேன். வயரிங் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டபோது, மழை விட்டதும் வருகிறேன் என்றார். ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்திருந்தது. மழை விடுவதாக இல்லை. இன்னொருவர், இந்தப் பழைய கம்பியையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, வயர் இல்லாத பெல் ஒன்றை வாங்கிப் பூட்டும்படி சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வீட்டுக்கும் கேற்றுக்கும் இடையில் கருங்கல் அணைச்சுவர் இருக்கிறது. சுவர்களைத் தாண்டும்போது அந்த வகை மணிகளின் சமிக்ஞை மெலிந்துவிடும். பொத்தானுக்குள் இருக்கும் சிறிய பற்றரியும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் தீர்ந்துபோகும். பழைய கதையே திரும்பவும் வரும். ஆகவே தகப்பனாரின் பிஸ்கட் பேணியை இறக்கி, அதற்குள் இருந்த ஸ்குரூ டிரைவரையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நமது வீடுகளில் வாசல் மணிகள் இரண்டு விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் வீட்டு மின்சாரம், அதாவது 230 வோல்ற்று, அப்படியே வெளிச் சுவிச் வரை போகும். மழை படும் இடத்திலுள்ள அந்தச் சுவிச்சைத் திறப்பது உயிரோடு விளையாடுவதாகும். பிரதான சுவிச்சை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்து, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே தொட வேண்டும். தெரியாதவர் தொடவே கூடாது. தெரிந்தவருக்காகக் காத்திருக்க வேண்டும். மற்றைய விதத்தில், நிலைமாற்றி எனப்படும் சிறிய டிரான்ஸ்போமர் ஒன்று வீட்டுக்குள்ளேயே 230 வோல்ற்றை எட்டு அல்லது பன்னிரண்டு வோல்ற்றாகக் குறைத்துவிடும். வெளியே போவது அந்தச் சிறு மின்சாரந்தான். என் தகப்பனார் பூட்டியது இரண்டாவது விதம். எங்களுடையது மழை ஊர் என்பதை அவர் மறக்கவில்லை.

மணியின் உட்புறம் மிக எளிமையானது. சுருட்டிய செப்புக் கம்பிக்கு நடுவே ஓர் இரும்புத் தண்டு. இரு புறமும் இரண்டு உலோகத் தகடுகள். பொத்தானை அழுத்தினால் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகிறது, தண்டை இழுக்கிறது, தண்டு ஒரு தகட்டில் மோதுகிறது. அதுதான் 'டிங்'. கையை எடுத்தால் காந்தம் மறைகிறது; வில் தண்டைத் திருப்பித் தள்ளுகிறது; அது மற்றத் தகட்டில் மோதுகிறது. அதுதான் 'டொங்'. 1831 இல் அமெரிக்காவின் அல்பனி நகரில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியர், ஏறத்தாழ ஒரு மைல் நீளமான கம்பியை மண்டபத்தைச் சுற்றிக் கட்டி, ஒரு முனையில் மின்சாரத்தைச் செலுத்தி மறு முனையில் ஒரு மணியை அடிக்கச் செய்து காட்டினார். தந்தியும் தொலைபேசியும் நாடெங்கும் பரவுவதற்கு முன்னரே, தூரத்திலிருந்து வந்த மின்சாரம் ஒரு மணியாகப் பேசியிருக்கிறது.

எளிமையான பொருளில் பழுதும் எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தேடும் ஒழுங்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில் மணியைக் கழற்றினேன். உள்ளே தூசியும் இரண்டு பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. துடைத்தேன். தண்டை விரலால் தள்ளிப் பார்த்தேன், தடையின்றி அசைந்தது. பூட்டிவிட்டுக் கீழே இறங்கி அழுத்தினேன், சத்தம் இல்லை. கேற்றடிச் சுவிச்சைக் கழற்றினேன். எறும்புகள் குடியிருந்தன, செப்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. கள்வனைப் பிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்து, சுவிச்சுக்கு வரும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடுக்கச் செய்தேன். சிறு மின்சாரம் என்பது உறுதியாகத் தெரிந்ததால்தான் அப்படிச் செய்தேன். சுவிச் மட்டும் பழுதென்றால் இப்போது மேலே மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அதற்குள் 32 படிகளை நான்கு தடவை ஏறி இறங்கியாயிற்று. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய முழங்கால்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கத் தொடங்கின.

அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆச்சியின் பேரன். எவ்வளவு நேரம் நின்று பார்த்தானோ தெரியாது. "அங்கிள், நடுவில் இருந்து பார்த்தால் என்ன?" என்றான்.

கணக்குப் படிக்கிற பையன் அல்லவா? அவன் சொன்னது சரியான வழி. மின்சாரம் புறப்படும் இடம் ஒன்று. முடியும் இடம் ஒன்று. இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு முனையிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தேடுவதைவிட, நடுவில் சோதித்தால் பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். பிறகு அந்தப் பாதியின் பாதி. முதலில் நிலைமாற்றியை அளந்து பார்த்தோம். 8 வோல்ற்று சரியாக இருந்தது. மணியின் அடியிலேயே, கேற்றுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் தொடுத்துப் பார்த்தோம். 'டிங் டொங்' என்றது. ஆக மின்சாரமும் நலம், மணியும் நலம். நோய் வழியில்தான் இருந்தது.

கம்பி படிக்கட்டை ஒட்டிய மதிலோரமாக இறங்குகிறது. நடுவழியில், பலாமரத்தடியில், பழைய இணைப்பு ஒன்று இருந்தது. காட்டிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் கம்பியென்றும் கொடியென்றும் பார்ப்பதில்லை. எப்போதோ அவை இழுத்து அறுத்ததை யாரோ முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப்பின் பசை காய்ந்து கழன்றிருந்தது. உள்ளே மழைநீர் புகுந்து, இரண்டு கம்பிகளில் ஒன்று பச்சைப் பொடியாகிக் கிடந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. பலாமரத்தடியில் உதிர்ந்த அந்தப் பச்சைப் பொடியால்தான் ஒரு பையன் மூன்று வாரமாக என் முகத்தைப் பாராமல் இருந்தான்.

மேற்பாதிக் கம்பி இரண்டையும் தொடுத்துப் பார்த்தோம், மணி அடித்தது. கறுத்துப்போன பகுதியை, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்தோம். குறைந்த நீளத்துக்குப் புதிய கம்பித் துண்டு வைத்து, முறுக்கிக் கட்டாமல், திருகாணி வைத்த கனெக்டரில் பூட்டி, சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தோம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பி பெட்டிக்குள் நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போது கம்பி வழியே வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். பையன் கீழே போய்ச் சுவிச்சை அழுத்தினான்; மணி அடிக்கவில்லை. கம்பிகளை நேராகத் தொடுத்தான்; அடித்தது. ஒரு நோய்க்குப் பின்னால் இன்னொரு நோய் ஒளிந்திருந்திருக்கிறது. அரத்தாளால் சுவிச்சின் தகடுகளைத் தேய்த்துப் பார்த்தோம். துரு அதன் வில்லையும் தின்றுவிட்டிருந்தது. நகருக்குப் போய், மழைக்கு ஏற்றபடி ரப்பர் மூடியுள்ள புதிய சுவிச் ஒன்றை வாங்கிப் பூட்டி, மேலே ஒரு தகரத்துண்டைத் தாழ்வாரமாக வளைத்து வைத்தோம். பொழுது சாய்ந்திருந்தது. பையன் அழுத்தினான். மேலே 'டிங் டொங்' என்றது. அவன் இன்னும் இரண்டு தடவை அழுத்தினான். மூன்று தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, நான் ஆரம்பத்தில் சொன்ன பழைய உறவுக்கு வருகிறேன்.

அநுராதபுரத்திலிருந்து ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். பௌத்த தேரர் ஒருவர் பாளி மொழியில் எழுதிய நூல் அது. எல்லாளன் வேற்றுச் சமயத்தவன். நூலின் நாயகனான துட்டகைமுனுவின் எதிரி. அப்படியிருந்தும், பகைவர் நண்பர் என்று பாராமல் நீதி வழங்கியவன் என்று அந்நூல் அவனைப் போற்றுகிறது. அவன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும் சொல்கிறது. அவனது படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. அதிலிருந்து நீண்ட கயிறு ஒன்று வெளியே போயிற்று. நீதி வேண்டியவர் எவரும் இழுக்கலாம். கன்றை இழந்த பசு இழுத்தது. குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவை இழுத்தது. காயவைத்த அரிசி காலமல்லாத மழையில் நனைந்துபோன கிழவி ஒருத்தியும் இழுத்தாள். தமிழகத்தில் இதே பசுவின் கதையைத் திருவாரூரில் மனுநீதிச் சோழனுக்குச் சொல்வார்கள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகி, தன் ஊரை அறிமுகஞ் செய்யும்போது அந்த மணியையும் நினைவூட்டுகிறாள்.

எங்கள் கண்டிக்கும் இப்படியொரு வழக்கம் இருந்தது. 1815 இல் பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றிய பின்னர் இங்கே வதிவிட அதிகாரியாக இருந்தவர் ஜோன் டொய்லி. கண்டி இராச்சியத்தின் ஆட்சி முறையை அவர் விரிவாக எழுதிவைத்தார். மன்னனிடம் முறையிட வேறு வழி காணாதவன், அரண்மனைக்கு அண்மையிலுள்ள மரமொன்றில் ஏறி நின்று தன் குறையை உரக்கக் கூவுவதுண்டு என்று அதில் ஒரு செய்தி வருகிறது. அது மணியும் கயிறும் இல்லாத வாசல் மணி. கூவியவனின் தொண்டைதான் கம்பி.

இக்கதைகளையெல்லாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். மாணவருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அப்போதெல்லாம் என் நினைவு மன்னனிடமே போகும். மகனையே தேர்க்காலில் இட்ட அந்த நீதியின் கடுமையிலேயே நிற்கும். இப்போது என் நினைவு அந்தக் கயிற்றில் நிற்கிறது. அது வெளியே தொங்கிய கயிறு; வெயிலிலும் மழையிலும் கிடந்த கயிறு. 44 ஆண்டுகள் ஒரே கயிறு தாங்கியிருக்காது. யாரோ ஒருவன் அவ்வப்போது அதை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். நைந்தபோது மாற்றியிருக்க வேண்டும். அவனைப் பற்றி எந்த நூலும் பேசவில்லை. ஆனால் அவன் ஒரு மழைக்காலம் அசட்டையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பசு வந்திருக்கும், இழுத்திருக்கும், மணி அடித்திராது. மன்னன் அமைதியாக உறங்கியிருப்பான். மறுநாளும் தன்னை நீதிமானென்றே நினைத்திருப்பான். பசு மட்டும், இந்த நாட்டில் நீதி இல்லை என்று எண்ணிக்கொண்டு திரும்பியிருக்கும். இருவர் மீதும் பிழையில்லை. இடையிலே கயிறு அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழுதான விளக்கு எரியாது; உள்ளே இருப்பவனுக்கு உடனே தெரியும். பழுதான குழாய் ஒழுகும், அதுவும் தெரியும். பழுதான வாசல் மணி ஒன்றுதான், உள்ளே இருப்பவனுக்கு ஒரு குறையும் வைக்காமல் வெளியே நிற்பவனை மட்டும் தண்டிக்கிறது. அவனும் தன்னை மதிக்கவில்லை என்று நினைப்பானே தவிர, மணி பழுது என்று நினைக்க மாட்டான். இந்த நாட்டில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில், ஆளுக்கொரு மொழி பேசிக்கொண்டு வாழும் நமக்குள், இப்படி அடிக்காமற்போன மணிகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றையெல்லாம் திருத்த என்னால் ஆகாது. என் கேற்றடியில் உள்ளதைத் திருத்த என்னால் ஆகும்.

மணி திருத்திய மறுநாள் ஆச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பச்சைப் பொடியாகிப் போன அந்தக் கம்பித் துண்டையும் ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டு போயிருந்தேன். ஆச்சி அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு மருமகளைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். அன்றைய பேச்சு நலம் விசாரிப்பதோடு நிற்கவில்லை. மழையைப் பற்றியும், விலைவாசியைப் பற்றியும், என் தகப்பனாரைப் பற்றியும் போய்க்கொண்டே இருந்தது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கம் வந்திருக்கிறது. மனைவி உள்ளே இருப்பார். நான் 32 படிகளும் இறங்கிப் போய், அந்நியனைப் போலக் கேற்றுக்கு வெளியே நின்று அழுத்துவேன். "கேட்டது" என்று அவர் குரல் கொடுத்த பிறகே ஏறி வருவேன்.

நேயர்களே, இந்த ஒலிபரப்புக் கூடத்தில் இருந்து பேசும் எனக்கு, அங்கே யார் கேட்கிறீர்கள் என்று தெரியாது. கேட்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த உரை முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து வெளியே போங்கள். உங்கள் வாசலில் நின்று, உங்கள் வீட்டு மணியை நீங்களே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.